நெற்றியில் தொடங்கும் கண்ணோய்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைத் தொலைவிலுள்ள ஊர்களில் நிற்போரும் கண்டு மகிழ்வர். அத்தகைய காட்சிகளை நமக்கு அளிக்கும் கண்ணைக் கெடுக்கவல்ல நோய்கள் பல. அவற்றுள் ஒன்று, கண்ணில் தோன்றுமுன் நெற்றியில் தோன்றுகிறது. அதுவே கண் அக்கி.

இளமையில் சின்னம்மை கண்டவர் நலம்பெற்ற பின்னரும், அந்நோயை விளைத்த வைரசு உடலைவிட்டு நீங்குவதில்லை. அது நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும். முதுமையாலோ பிற நோய்களாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது மீண்டும் கிளர்ந்தெழுந்து, நரம்பின் வழியே தோலை அடையும். அந்நரம்பு பரவியுள்ள இடத்தில் கொப்புளங்கள் எழும். நெற்றிக்கும் கண்ணுக்கும் செல்லும் நரம்பில் இது நிகழ்ந்தால், கண்ணுக்குக் கேடு நேரலாம்.

இதன் தொடக்கக் குறிகள் வியப்புக்குரியவை. கொப்புளங்கள் எழுவதற்குச் சில நாள் முன்பே நெற்றியின் ஒரு பக்கத்தில் எரிச்சலும் குத்தலும் உண்டாகும். சீப்புப் பட்டாலும் வலிக்கும். வெறும் தலைவலியென்று எண்ணிப் பலர் வாளாவிருந்துவிடுவர். மூக்கின் நுனியில் எழும் கொப்புளம் மற்றோர் எச்சரிக்கையாகும். மூக்கு நுனிக்கும் கண்விழிக்கும் உணர்ச்சி தருவது ஒரே நரம்புக் கிளை. ஆதலின் அங்கே கொப்புளம் எழுந்தால் கண்ணும் தாக்கப்படக்கூடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் சோனாதன் அட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துரைத்தார். எனினும், மூக்கில் கொப்புளம் இல்லையென்பதனால் கண்ணுக்குத் தீங்கில்லை என்று துணிதல் கூடாது. கண் சிவத்தல், ஒளி கூசுதல், பார்வை மங்குதல் ஆகியனவும் நோயின் குறிகளே.

அக்கி கண்டால், குயவரைக் கொண்டு காவியைக் குழைத்து உடலில் அக்கி எழுதுவிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. காவியின் குளிர்ச்சி எரிச்சலைச் சற்றே தணிக்கலாம். ஆனால் நரம்பினுள் பெருகும் வைரசை அஃது அழிக்காது. எழுதிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் கருவிழியில் தழும்பு விழவும், கண்ணின் உள்ளழுத்தம் மிகவும், பார்வை குன்றவும் கூடும்.

இவ்வைரசை அடக்கும் அசைக்ளோவிர் என்னும் மருந்து இன்று உண்டு. அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட செர்த்துரூட் எலியன் அம்மையார் 1988-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் இத்தகைய மருந்தைத் தொடங்குதல் பெரும்பயன் தரும். ஆகவே, வீட்டிலுள்ள முதியோர் நெற்றியின் ஒரு பக்கம் எரிகிறதென்று கூறி, அங்கே கொப்புளமும் தோன்றுமாயின், அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் இளையோர் கடமையாகும்.