திருப்புளியும் திறவுகோலும்

மடிக்கணினி ஆன் ஆகவில்லை என்று சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சர்வீஸ் கடையிலோ கொண்டுபோய் வைத்தால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இருபது ஆண்டுகளாக ஒன்றுதான்: “உள்ளே டேட்டா ஏதாவது வேணுமா சார்?” வாடிக்கையாளரின் பதிலும் மாறவில்லை. மகள் கல்யாணப் படங்கள், பாதி எழுதிய ஆய்வேடு, கடையின் டேலி கணக்கு. அந்தப் பதிலுக்குப் பிறகு நடப்பதுதான் அடியோடு மாறிவிட்டது.

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது கை வேலை. முதலில் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிப் பார்ப்பார்கள். சில வண்டிகள் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒன்றிரண்டு திருகுகளை எடுத்ததும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் இழுப்பறை போல வெளியே வரும். அன்றைய ஐடிஇ வட்டுகளில் மடிக்கணினிக்கு 44 ஊசி, மேசைக்கணினிக்கு 40 ஊசி. நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வைத்துக் கடையின் கணினியில் செருகினால், செத்த வண்டியின் சி டிரைவ் இங்கே இன்னொரு எழுத்தில் வந்து நிற்கும். 2003இல் சாட்டா வந்த பிறகு மடிக்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் ஒரே இணைப்பு ஆனது. கன்வெர்ட்டரும் வேண்டாம், யூஎஸ்பி கேசிங் ஒன்று போதும்.

போர்டு போனாலும், திரை உடைந்தாலும், பேட்டரி உப்பினாலும் இதே வைத்தியம்தான். வட்டுக்குத் தான் எந்த வண்டியில் இருந்தோம் என்ற நினைப்பே கிடையாது. கொச்சியில் வாங்கிய எச்பியின் வட்டை மதுரையில் இருக்கும் டெல்லில் மாட்டினாலும் கோப்புகளைக் காட்டும்.

வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் விண்டோஸ் மட்டும் படுத்துவிட்டால் திருகைக்கூடத் தொட வேண்டாம். கறுப்புத் திரையில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று எக்ஸ்பி நின்றுவிடும் காலம் அது. ஜெர்மானியரான கிளாவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், வட்டில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ். அதைப் போட்டு எழுப்பினால், படுத்த விண்டோஸின் கோப்புறைகள் எல்லாம் திறந்து கிடக்கும். பென் டிரைவில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். 2005 முதல் 2011 வரை உபுண்டு சிடியைக் கேட்டவர்களின் வீட்டுக்கே அஞ்சலில் இலவசமாக அனுப்பினார்கள். நிறுவிப் பயன்படுத்தாதவர்கள்கூட ‘ஆபத்துக்கு உதவும்’ என்று அந்த உறையை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தின் உண்மையான பயம் சத்தம். ஹார்ட் டிஸ்கில் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அதற்கு மலை. கீழே விழுந்த வட்டு ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கினால் நல்ல மெக்கானிக் உடனே மின்சாரத்தை நிறுத்துவார். மேலும் ஓட ஓட, முனை தட்டைச் சுரண்டிக்கொண்டே போகும். அதைத் தூசி வடிகட்டிய அறையில்தான் திறக்க வேண்டும், முனையை மாற்ற அதே மாடலில் இன்னொரு வட்டு வேண்டும், செலவு மடிக்கணினியின் விலையைத் தாண்டும். ஆனாலும் வழி என்று ஒன்று இருந்தது.

சில சமயம் அந்த வழி வேடிக்கையாகவும் இருந்தது. 2008, 2009 வாக்கில் சீகேட்டின் பாரகூடா 7200.11 வட்டுகள் பல, உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் கோளாறால் திடீரென்று ஊமையாகின. தட்டும் முனையும் நலம். வட்டு மட்டும் கணினிக்குப் பதில் சொல்லாது. நோக்கியா போனின் டேட்டா கேபிளை வெட்டி, அதன் கம்பிகளை வட்டின் ஓரத்து ஊசிகளில் சொருகி, சில கட்டளைகளைத் தட்டி அதைப் பேச வைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கைத்திறனும் பொறுமையும் இருந்தால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்கு உரியது.

கதவு திருடனுக்கும் அப்படித்தான் திறந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். விண்டோஸ் கடவுச்சொல் முன்வாசலை மட்டுமே காத்தது. வட்டைக் கழற்றிய எவரும் வங்கிக் கணக்கையும் குடும்பப் படங்களையும் பார்க்கலாம். பழுதுக்குக் கொடுத்த மடிக்கணினியில் இருந்த படங்கள் என்ன ஆகுமோ என்று பெண்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

பிறகு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. சுழலும் தட்டு போய் எஸ்எஸ்டி வந்தது. அசையும் பாகம் இல்லாததால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். அடுத்து, கழற்றும் பாகமாக இருந்த சேமிப்பு பல மாடல்களில் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. மூன்றாவது, எழுதுவதை எல்லாம் பூட்டியே எழுதும் வழக்கம். மைக்ரோசாஃப்டின் பிட்லாக்கர் 2007இல் விஸ்டாவோடு வந்தபோது அலுவலகங்களின் விஷயமாக இருந்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலோ, புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே, வீட்டுப் பயனருக்கான ஹோம் பதிப்பிலும், பூட்டு தானாக விழுந்துவிடுகிறது.

ஆகவே இன்றைய மேசையில் நடப்பது வேறு. எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாகவே இருக்கட்டும். எடுத்து இன்னொரு கணினியில் மாட்டினால் கோப்புகள் வராது, 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பூட்டின் சாவியைக் காப்பது பழைய போர்டில் இருக்கும் டிபிஎம் சில்லு. அது தன் வண்டிக்குள் மட்டும் சத்தமில்லாமல் திறந்துவிடும். போர்டை மாற்றினாலும் அதே கேள்விதான். எண்ணின் பிரதி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கிறது, ஆனால் எந்தக் கணக்கு? வாங்கிய அன்று கடைப்பையன் அவசரத்தில் உருவாக்கிய ஜிமெயிலா, படிப்பு முடிந்ததும் மூடப்பட்ட கல்லூரி மின்னஞ்சலா? முன்பு கடைக்காரர் திருப்புளியைத் தேடினார். இப்போது வாடிக்கையாளர் தன் பழைய கடவுச்சொல்லைத் தேடுகிறார்.

ஆப்பிள் மடிக்கணினிகளில் மாற்றம் இன்னும் கூர்மை. 2016இல் டச் பார் மாடலில் சேமிப்பைப் போர்டோடு பற்றவைத்தபோது, செத்த போர்டிலிருந்து தரவை எடுக்க ஒரு தனி இணைப்பையும் உள்ளே வைத்திருந்தார்கள். 2018இல் டி2 பாதுகாப்புச் சில்லு வந்த மாடலில் அந்த இணைப்பு இல்லை. சாவி அந்தச் சில்லுக்குள் இருப்பதால், நினைவகச் சில்லை மட்டும் பெயர்த்து எடுத்தாலும் கிடைப்பது படிக்க முடியாத குப்பை.

இதனால் மெக்கானிக்கின் வேலையே தலைகீழானது. அன்று செத்த வண்டியை விட்டுவிட்டு வட்டைக் காப்பாற்றினார்கள். இன்று வட்டில் இருப்பதற்காகச் செத்த வண்டியை எழுப்புகிறார்கள். மைக்ரோஸ்கோப்பின் கீழ் போர்டை வைத்து, எந்த கெப்பாசிட்டர் ஷார்ட் என்று வெப்பக் கேமராவில் தேடி, ஹாட் ஏரில் அதை எடுத்துவிட்டு, ஒரே ஒரு முறை எழுந்து கோப்புகளைக் கொடுத்தால் போதும் என்று உழைக்கிறார்கள். திறமை குறையவில்லை, தெரிந்தவர்கள்தான் குறைவு.

அழித்த கோப்பின் கதையும் அதேதான். ஹார்ட் டிஸ்கில் அழித்தது உண்மையில் அழியாது. மேலே வேறு எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். போட்டோரெக் போன்ற இலவச நிரல்கள் அவற்றைத் தோண்டி எடுத்தன. விண்டோஸ் 7 காலத்திலிருந்து டிரிம் என்ற கட்டளை, அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிவிடுகிறது. அதுவும் தன் வசதிப்படி சீக்கிரமே துடைத்துவிடுகிறது. ‘ஃபார்மட் பண்ணிட்டேன், எடுத்துத் தாங்க’ என்பவருக்கு அன்று நல்ல செய்தி சொல்ல முடிந்தது.

புதிய ஏற்பாட்டின் பலவீனத்தை உலகம் ஒரே நாளில் பார்த்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பரிகாரம் எளிது: பாதுகாப்புப் பயன்முறையில் நுழைந்து ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் பூட்டிய கணினிகளில் நுழைய அந்த 48 இலக்கம் வேண்டும். எண்களின் பட்டியலும் நின்றுபோன சர்வரில் இருந்த அலுவலகங்கள் திண்டாடின.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் லாபத்தில் முடிந்திருக்கிறது. முன்பு வட்டை மீட்டு, பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளின் கூச்சல்தான். எழுத்துரு செத்த வண்டியின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் தங்கிவிட்டிருக்கும். டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் புத்தகங்கள் இப்படி முடங்கியது உண்டு. தமிழக அரசு 2010இல் ஏற்ற ஒருங்குறி இன்று போன்வரை பரவிவிட்டதால், மீட்ட கோப்பு எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கிறது.

இரண்டு காலத்தில் எது மேல் என்று கேட்டால், பூட்டை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ரயிலில் தொலைத்த மடிக்கணினி இன்று வெறும் பண நஷ்டம். அன்று அது மானப் பிரச்சினையும்கூட. ஆனால் மீட்பின் நேரம் மாறிவிட்டது என்பதை நாம் இன்னும் உணரவில்லை. முன்பு அது பழுதான பிறகு, கடையில் நடந்தது. இப்போது பழுதாகும் முன்பே, வீட்டில் நடக்க வேண்டியிருக்கிறது: மீட்பு எண்ணைக் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி பீரோவில் வைப்பது, கோப்புகளின் பிரதியை ஒரு வெளி வட்டில் வைத்து அதைக் கழற்றி வைப்பது. ஒன்டிரைவ் ஒத்திசைவு மட்டும் போதாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியின் கெடு முடியும்வரைதான் திரும்பக் கிடைக்கும்.

பொறுப்பு வாங்குகிறவருடையது மட்டும் அல்ல. வீடு விற்பவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். மடிக்கணினி விற்பவர்களோ பூட்டிவிட்டு, பூட்டியதையே சொல்லாமல் போகிறார்கள். முதல் முறை ஆன் செய்யும்போது பதினைந்து திரைகளில் எதற்கெல்லாமோ சம்மதம் கேட்கும் நிறுவனம், பதினாறாவது திரையில் ‘இது உங்கள் சாவி, எழுதி வையுங்கள்’ என்று சொல்லலாம். அதுவரை, பில் போடும்போதே அதைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர் எவரோ, அவரிடம் வாங்குவது நல்லது.