தேய்த்தால் கீறும், ஊறினால் நீங்கும்

சென்ற விடுமுறையில் கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குத் திரும்பினோம். கித்துல்கலையை அடைகையில் மாலை மங்கிவிட்டது. மழை ஓய்ந்த வேளை. விளக்கொளியை நாடி வந்த ஈசல்களும் விட்டில்களும் காரின் முகப்பிலும் கண்ணாடியிலும் மோதி ஒட்டிக்கொண்டன. வீடு சேர்ந்ததும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு உறங்கப் போனோம். விடிந்தபோது பறவைகளும் தம் பங்கை இட்டிருந்தன. நண்பகலுக்குப் பின்னரே துணியை எடுத்தோம். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தோம். அழுக்குப் போயிற்று, வர்ணத்தின் பளபளப்பும் உடன் போயிற்று. வகுப்பில் பொறுமையைப் போதிக்கும் நாம், வாசலில் அதை மறந்தோம்.

இது சிறு இழப்பன்று. ஆசிரியர் குடும்பத்துக்குக் கார் என்பது பல்லாண்டுச் சேமிப்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரியும் சேர்ந்த விலையில் புதியதொன்றை நினைத்தல் எளிதன்று. உள்ளதைப் பேணுவதே அறிவுடைமை.

பறவை எச்சத்தின் வெண்மையான பகுதி யூரிக் அமிலம். அது நீரில் எளிதிற் கரையாது. மலைநாடு குளிர்ந்ததாயினும், நண்பகல் வெயிலில் காரின் தகடு நன்கு சூடேறும். அப்பொழுது வர்ணப்பூச்சு இளகி விரியும். மாலையில் பனிமூட்டம் இறங்கியதும் சுருங்கும். சுருங்குகையில், காய்ந்த எச்சத்தின் வடிவத்தைத் தன்மேல் தழும்பாக ஏற்றுக்கொள்ளும். எச்சத்திலுள்ள மணலும் விதைத்துணுக்கும், பூச்சிகளின் கடினமான ஓடும் தேய்க்குந்தோறும் கீறல் இடும்.

ஆகவே, முதலிற் செய்யவேண்டியது ஊறவைத்தலே. பழைய பருத்தித் துணியொன்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கறையின்மேல் பத்து நிமிடம் போர்த்துக. பின்னர் தேய்க்காது, மெல்ல ஒற்றி மேல்நோக்கி எடுத்துவிடுக. ஒருமுறை போகாவிடில் மீண்டும் ஊறவிடுக. பூச்சிக் கறைக்குக் கார் கழுவும் ஷாம்பு சிறிது சேர்த்தல் நன்று. துணி துவைக்கும் தூள் காப்பு மெழுகை நீக்கிவிடும், தும்பு கீறும், இரண்டையும் தவிர்க்க. நிழலிலே கழுவித் துடைத்து, சில மாதங்களுக்கொருமுறை மெழுகு பூசினால் அடுத்த கறை எளிதில் விடும். எச்சத்தை உலர்ந்த நிலையில் சுரண்டவேண்டாம். அதன் தூள் மூச்சுடன் உட்செல்லும். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

முன்கண்ணாடியே முக்கியம். பூச்சிக் கறை காய்ந்திருக்கையில் வைப்பரை ஓட்டினால் கண்ணாடி முழுவதும் இழுபடும். எதிரே வரும் விளக்கொளி அதிற் பட்டுச் சிதறுகையில், பனிமூட்டம் நிறைந்த வளைவில் பாதையே மறைந்துபோகும். புறப்படுமுன் கண்ணாடியைத் துடைத்தல் உயிர்க்காப்பு. அதிகாலைக் குளிரில் கொதிநீரை மட்டும் அதன்மேல் ஊற்றற்க, வெடித்துவிடக்கூடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தோட்டத்து ஓடைகளில் காரை இறக்கிக் கழுவாதீர்கள். கீழேயுள்ள லயங்களில் அந்நீரைக் குடிப்போர் உளர். கறைகளை நீக்க ஒரு வாளி நீரும் கால்மணி நேரமும் போதும். பதறாத காரியம் சிதறாது.