பழைய லான்சருக்கு மறுவாழ்வு

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசாத மாணவர் விடுதி இல்லை. ஆயினும் அதன் வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதன் உள்ளுறுப்புகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. கடத்தூரில் என் தாய்மாமன் நடத்திவரும் மோட்டார் பட்டறையில், ஒரு பழைய ஜப்பானியக் காரை மீண்டும் ஓடவைக்கும் பணியில் இரண்டு கோடை விடுமுறைகளைக் கழித்தவன் நான். அங்கே கண்டதையும் கற்றதையும் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் எடுத்துரைக்க விழைகிறேன். இயற்பியல் வகுப்பில் படித்த பாடங்கள் பல, கிரீசும் புழுதியும் பூசிக்கொண்டு அங்கே என் எதிரில் வந்து நின்றன.

அந்தக் கார் மிட்சுபிஷி லான்சர். பெயர் ஜப்பானியப் பெயரேயாயினும் வண்டி பிறந்தது நம் தமிழ்நாட்டில். அம்பாசிடர் காரைச் செய்துவந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து திருவள்ளூரில் அமைத்த தொழிற்சாலையிலிருந்து 1998-ஆம் ஆண்டு லான்சர் வெளிவரத் தொடங்கியது. அதே 1998-இல்தான் பின்லாந்து நாட்டு வீரர் டோமி மாக்கினென் லான்சர் எவல்யூஷன் காரை ஓட்டி உலக ராலிப் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்றார். 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகளும் பட்டம் அவருக்கே. அதற்கும் முன்னர், 1974-லும் 1976-லும் ஆப்பிரிக்காவின் சபாரி ராலியில் லான்சர் 1600 வண்டியை வெற்றிக் கம்பத்துக்குக் கொண்டுவந்தவர் கென்யாவில் வாழ்ந்த நம் பஞ்சாபியர் ஜோகிந்தர் சிங். ராலி வண்டியின் டர்போ எஞ்சின் வேறு, திருவள்ளூர் வண்டியின் சாதுவான எஞ்சின் வேறு என்பது உண்மை. இருப்பினும், பின்சக்கரங்களுக்கும் தனித்தனியே சஸ்பென்ஷன் கொண்ட அந்த அடிக்கட்டு வளைவுகளில் சாலையைப் பற்றிக்கொள்ளும் அழகைக் கண்டவர்கள், இன்றும் இந்த வண்டியைத் தேடி அலைகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த வண்டி 1999-ஆம் ஆண்டினது. ஒரு சேகோ ஆலை முதலாளி வாங்கி ஓட்டியது. பிறகு ஆறேழு ஆண்டுகள் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. பழைய ரிப்பேர் பாக்கிக்கு ஈடாக மாமா அதை இழுத்துவந்தார். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை சொன்னார். புதிய கார்களெல்லாம் கம்பெனி சர்வீசுக்கே போய்விடும் இந்நாளில் என் மாமாவைப் போன்ற மேஸ்திரிகளுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர் என்று நாலு ஊருக்குத் தெரிந்தால் பட்டறை பிழைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் முழுவதும் அதில் இறங்கியது. போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சான்று கிடைக்காமற் போனால் பணமும் போயிற்று, பெயரும் போயிற்று.

முதல் எதிரி துரு. வறண்ட மாவட்டமாயிற்றே, இங்கே துரு எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். மாமா வைப்பர் பிளேடுக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றிக் காட்டினார். புளியந்தழையும் பூவும் மட்கி, மழைநீர் வடியும் துவாரத்தை அடைத்திருந்தன. வழியற்ற நீர் உள்ளே புகுந்து தரை விரிப்பின் அடியில் தேங்கிவிட்டது. வெளியே பளபளவென்றிருந்த வண்டியின் தரைத்தகடு விரலால் குத்தினால் பொத்தலாயிற்று. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடிய இடத்தில் ஒரு சிறு மின்கலமே இயங்குகிறது என்று வேதியியலில் படிக்கிறோம்; மண்ணிலுள்ள உப்பு அதை விரைவுபடுத்துகிறது. இதற்கு மருந்து ஒன்றே. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டியெறிந்து, புதிய தகட்டை வெல்டிங் வைத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். துருவின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்கும் டிங்கர் வேலை ஆறு மாதத்தில் பல்லிளித்துவிடும். பழைய கார் வாங்கப் போகும் நண்பர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது தகடன்று, பட்டி.

அடுத்தது எஞ்சின். 4ஜி15 என்ற குடும்பப் பெயர் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. சிலிண்டரின் விட்டம் 75.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இவற்றை இட்டு நான்கால் பெருக்கினால் 1468 கன சென்டிமீட்டர் வரும். ஆர்.சி. புத்தகத்தில் 1468 என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்குத்தான்! பள்ளியில் உருளையின் கன அளவு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு பதில்.

எஞ்சினைப் பிரிக்குமுன் அதன் நாடி பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். மூன்று சிலிண்டர்கள் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தார் மாமா. அழுத்தம் ஏறிற்று. ஆயில் போய் அடைத்தது பிஸ்டன் வளையங்களின் இடுக்கை; ஆகவே கசிவு ரிங்கில் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றிருந்தால் கோளாறு வால்வில் என்று கொள்ளலாம். ஒரு கரண்டி எண்ணெயில் ஆயிரக்கணக்கான ரூபாய் வீண் வேலை தவிர்ந்தது. அனுமானம் என்பதைத் தர்க்க வகுப்பில் மட்டுமே கண்டிருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது.

நெடுநாள் நின்றதால் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டரைப் போரிங் செய்து பெரிதாக்கிவிடலாம் என்று சேலத்து லேத் பட்டறையில் சொன்னார்கள். விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் கன அளவு 1488 ஆகிவிடும். மாமா மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து, தேய்மானம் அளவுக்குள்ளேயே இருப்பதால் ஹோனிங் மட்டும் போதுமென்றார். உலோகத்தை எடுப்பது எளிது, திரும்ப வைக்க முடியாது என்பது அவர் கட்சி. டைமிங் பெல்ட்டை மட்டும் ஒரு பேச்சுக்கும் இடமில்லாமல் மாற்றினார். பார்வைக்கு நன்றாயிருந்தாலும் ரப்பருக்கு வயதுண்டு. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அந்தச் சோதனையை எவரும் தம் செலவில் செய்து பார்க்க விரும்பமாட்டார்.

ரேடியேட்டரைத் திறந்தபோது தருமபுரி மாவட்டத்துக் கதையே உள்ளே இருந்தது. நம் நிலத்தடி நீர் கடினநீர். அதிலுள்ள புளூரைடு நம் மக்களின் பற்களில் கறையாக நிற்பதை யாவரும் அறிவோம். (ஜப்பானிய நிதி நிறுவனத்தின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது இதற்காகவே. ஜப்பானியக் காருக்கு அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் ஒரு பொருத்தம் இருந்திருக்கும்!) ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் குழாய்களில் சுண்ணாம்புப் படிவம் ஏறி, வெப்பம் வெளியேற வழியற்றிருந்தது. அலுமினிய ஹெட்டின் நீர்ப்பாதைகளும் அரித்திருந்தன. கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுவது செலவல்ல, சிக்கனம்.

எரிபொருளிலும் ஒரு புதுச் சிக்கல். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1999-இல் செய்த ரப்பர் குழாய்களும் சீல்களும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. எத்தனால் அவற்றை உப்பவும் வெடிக்கவும் செய்யும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், நின்றே கிடக்கும் வண்டியின் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் என்றால், எத்தனாலில் 21 தான். கலந்து கணக்கிட்டால் லிட்டருக்கு ஏழு விழுக்காட்டளவு ஆற்றல் குறைகிறது; மைலேஜும் அவ்வாறே. எத்தனால் தாங்கும் குழாய்களை முழுநீளத்துக்கும் மாற்றினோம். கசியும் பெட்ரோல் குழாயோடு ஓடும் வண்டி தீப்பெட்டிக்குச் சமம் என்பதால் இதில் மாமா ஒரு பைசாவும் மிச்சம் பிடிக்கவில்லை.

இனி, நண்பர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் மாற்றங்களுக்கு வருவோம். என் மாமா மகன் ஒரு நீண்ட பட்டியலோடு வந்தான். பெரிய சைலன்சர், வெட்டிய ஸ்பிரிங், அகலச் சக்கரம்! பட்டறையில் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது.

பெரிய வாய்க் குழாய் வைத்தால் சக்தி கூடும் என்பது பாதி உண்மை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை சீராக ஓடும் ஆறன்று, அடுத்தடுத்து வரும் துடிப்பு. ஒரு துடிப்பு விரைந்து செல்லும்போது பின்னால் அழுத்தம் குறைந்து அடுத்த சிலிண்டரின் புகையை இழுக்கிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த விரைவு குறைந்து, குறைந்த சுழற்சியில் இழுவை போய்விடும். பொம்மிடி ரயில்வே கேட்டில் நின்று புறப்படும் வண்டிக்கு வேண்டியது அந்தக் குறைந்த சுழற்சி இழுவைதான். மிஞ்சுவது சத்தம் மட்டுமே.

ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழ்ந்து அழகாகத் தெரியும். ஈர்ப்பு மையமும் இறங்கும். ஆனால் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறி டயர் ஒருபுறமாகத் தேயும். ஷாக் அப்சார்பர் அடிதட்டும். நம்மூர் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? இதற்குப் பதிலாக, நைந்துபோன ரப்பர் புஷ்கள் அனைத்தையும் மாற்றினோம். பின் சஸ்பென்ஷனில் மட்டும் அவை அத்தனை இருக்கின்றன. மாற்றிய பிறகு வளைவில் வண்டி நின்ற நிலையைக் கண்டு மாமா மகனே வாயடைத்துப் போனான்.

சக்கரத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 175/70 ஆர் 13 என்ற டயரின் மொத்த விட்டம் 575 மில்லிமீட்டர். 185/60 ஆர் 14 என்பது 578. ரிம் பெரிதானாலும் பக்கச்சுவர் குறைவதால் மொத்தம் மாறவில்லை. வேகமானி பொய் சொல்லாது. இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று மாட்டுகிறவர்களே அதிகம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இச்சட்டம் நன்கு ஆராய்ந்து செய்யும் நல்ல மாற்றத்தையும் கண்மூடித்தனமான மாற்றத்தையும் ஒரே தராசில் நிறுத்துகிறது என்பது என் எண்ணம். இதுபற்றி விரிவுரையாளர்கள் மாறுபடலாம்.

நாங்கள் முழுமனத்தோடு கைவைத்தது பிரேக்கில். கடத்தூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர்க் கணவாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைச் செய்தித்தாளில் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 11 லட்சத்து 76 ஆயிரம் ஜூல் ஆற்றல் விடுபடுகிறது. நான்கு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் இவ்வளவும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் சூடாகச் சேரும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்போது பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

"ஓடலைன்னா ஊட்லயே நிக்கும்ப்பா. நிக்கலைன்னாதான் ஆபத்து" என்றார் மாமா.

டாட் 4 ஆயிலுக்கு மாறினோம். அதன் அளவுகள் 230-ம் 155-ம். ரப்பர் ஹோஸ்கள், காலிப்பர் சீல்கள், பேடுகள் யாவும் புதிது. ஒரிஜினல் உறுப்புகள் கிடைக்காதபோது சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். அங்கும் கிடைக்காத ஒரு புஷ்ஷை, தேய்ந்த மாதிரியை அளந்து சேலத்து லேத் தொழிலாளி ஒருவரே கடைந்து கொடுத்தார். இந்தியாவில் மிட்சுபிஷி கார் விற்பனை நின்றுபோன பின்பும் இவ்வண்டிகள் ஓடுகின்றனவென்றால், பெயர் அச்சிடப்படாத இத்தகைய கைகளே காரணம்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு 25-ஆம் படிவத்தில் விண்ணப்பித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று; இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆயிற்று. ஆய்வாளர் விளக்கு, ஹாரன், புகை எல்லாம் பார்த்துவிட்டு, பிரேக்கைச் சோதிக்கத் தாமே வண்டியில் ஏறி அமர்ந்தார். மாமா வெளியே நின்று பீடியைப் பற்றவைக்கவும் மறந்து கையிலேயே வைத்திருந்தார். வண்டி நேர்கோட்டில் நின்றது. சான்று கிடைத்தது.

இதுவரை ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் இருவரின் கூலி இதில் சேரவில்லை. அதன்பின் அரூரிலிருந்து ஒருவர் தம் பழைய மாருதி ஜென்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். லான்சரின் இரண்டாவது கியர் குளிர்ந்த நிலையில் இன்னும் உறுமுகிறது. கியர் பாக்ஸை அடுத்த விடுமுறையில் இறக்குவதாக இருக்கிறோம்.