ஈரலில் கட்டியா? என்ன வகை என்று கேளுங்கள்



வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஈரலில் ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லை" என்கிறார். அதைக் கேட்டுச் சிலர் சோறு தண்ணி இறங்காமல் கலங்கிப் போகிறார்கள். வேறு சிலர், "புற்று இல்லையே, அது போதும்" என்று மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே தலை காட்டுவதில்லை. இரண்டுமே தப்பு. புற்றில்லாத கட்டிகளிலும் வகை உண்டு.

முதலாவது, ஹெமாஞ்சியோமா. இது இரத்தக் குழாய்கள் சுருண்டு திரண்ட கட்டி. இதுதான் அதிகம் பேருக்கு வருகிறது; பெண்களிடம் கூடுதல். புற்றாக மாறுவதில்லை. தொல்லை தராவிட்டால் மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

இரண்டாவது, டாக்டர்கள் 'எஃப்.என்.எச்.' என்று சுருக்கிச் சொல்வது. இதுவும் பெரும்பாலும் சாதுவானதே.

மூன்றாவது, அடினோமா. அபூர்வமானது, ஆனால் கவனம் தேவை. கருத்தடை மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று 1973இல் மருத்துவர்கள் எழுதினார்கள். உடம்பை முறுக்கேற்ற ஸ்டீராய்டு போடும் ஆண்களுக்கும் வரலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும் ஆபத்து கூடும். சில வேளை புற்றாகவும் மாறும். ஆண்களுக்கு இந்த அபாயம் அதிகம் என்பதால், சிறிய கட்டியாக இருந்தாலும் அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்வார்கள். பெண்களுக்கு மாத்திரையை நிறுத்தினாலே பல கட்டிகள் சுருங்கிவிடும். அதற்காக, மாத்திரை சாப்பிடும் எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்தக் கிருமி உள்ளவருக்கு ஈரலில் கட்டி தெரிந்தால், "சாதாரணக் கட்டி" என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

வலது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன வகைக் கட்டி? எத்தனை சென்டிமீட்டர்? அடுத்த ஸ்கேன் எப்போது? பதிலை எழுதி வாங்கி, சொன்ன தேதியில் போய்வாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் பிறகு உழைத்துக்கொள்ளலாம், உயிர் அப்படியல்ல.