பாட்டே இல்லாத படம்! சிவாஜி துரோகியாக நடித்த "அந்த நாள்"

தஞ்சை என்றால் சங்கீதம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் பூமி இது. கல்யாணத்துக்கு நாதசுரம் வேண்டும். வயலில் நாற்று நடும்போதும் பாட்டு வேண்டும்.

இப்படிப்பட்ட ரசிகர்கள் நிறைந்த தமிழ்நாட்டில், 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ஒரு சினிமா வெளிவந்தது. அதில் ஒரு பாட்டுகூட இல்லை! நடனமும் இல்லை, சண்டையும் இல்லை.

அதுதான் ஏ.வி.எம். தயாரித்த "அந்த நாள்".

டைரக்டர் எஸ்.பாலசந்தர். பிற்காலத்தில் "வீணை பாலசந்தர்" என்று புகழ் பெற்றாரே, அவரேதான்! 30, 40 பாட்டுகளோடு படங்கள் வந்த காலத்தை அடுத்து, ஒரு சங்கீத வித்வானே பாட்டில்லாமல் படம் எடுத்தது பெரிய துணிச்சல்.

சுட்டது யார்?

1943-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. உலகப் போர் நடக்கிறது. சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போடுகிறது. இது உண்மையில் நடந்த சம்பவம்.

மறுநாள் காலை, ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். படம் தொடங்குவதே இப்படித்தான். கதாநாயகன் முதலிலேயே பிணம்!

துப்பறிய வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமனே படத்துக்கு வசனமும் எழுதினார்.

மனைவி உஷா, உடன்பிறந்த பட்டாபி, அவன் மனைவி ஹேமா, பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனோடு பழகிய அம்புஜம் என்று ஐந்து பேர் மீது சந்தேகம். ஒருவர் சொல்லும் ராஜன் வேறு, அடுத்தவர் சொல்லும் ராஜன் வேறு! ஜப்பானிய டைரக்டர் குரோசாவாவின் "ராஷோமான்" படத்தைப் பார்த்து, பாலசந்தர் இந்த முறையைக் கையாண்டார்.

மாருதிராவ் காமிராவைப் பிடித்தார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கே உள்ள அழகு அது.

கெட்டிக்காரப் பிள்ளை கெட்டது ஏன்?

ராஜனாக நடித்தவர் நம் சூரக்கோட்டை சிவாஜி கணேசன். அப்போது அவருக்கு வயது 25. "பராசக்தி" வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஜனங்கள் கொண்டாடிய அந்த நடிகர், நாட்டைக் காட்டிக் கொடுக்கும் துரோகியாக நடித்தார்.

ராஜன் பிறவியிலேயே கெட்டவன் அல்ல. நன்றாகப் படித்தவன். மூளையுள்ளவன். தன் படிப்பால் பெரிதாகச் சாதிக்க நினைக்கிறான். ஆனால், அவனுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. மனம் கசக்கிறது. "என் திறமையை மதிக்காத நாடு எனக்கு எதற்கு?" என்ற எண்ணம் வேர் விடுகிறது. திறமையை மதிக்கிற ஜப்பானுக்கு உளவாளி ஆகிறான்.

மனைவி உஷாவாகப் பண்டரிபாய். கணவனா, தேசமா என்று தவிக்கும் அவர் முகத்தை மறக்க முடியாது. கொலை செய்தவர் யார் என்பதை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை. படத்தில் பாருங்கள்!

அன்றும் இன்றும்

பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். படம் வசூலில் பெரிய வெற்றி பெறவில்லை. ஆனால் மத்திய சர்க்காரின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்றோ, தமிழ் சினிமாவின் சிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

குறையும் உண்டு. தேசபக்தி வசனங்கள் சில இடங்களில் பிரசங்கம்போல நீளுகின்றன. ராஜனின் மனக்கசப்பை இன்னும் விரிவாகக் காட்டியிருக்கலாம். அவனுடைய துரோகம் நமக்கு நன்றாகத் தெரிகிறது. அவன் பட்ட அவமானம் சீக்கிரமே கடந்து போய்விடுகிறது.

ஆனாலும், அந்த அவமானம்தான் இன்று நம் மனதில் தைக்கிறது. காவிரிக் கரைக் கிராமங்களில் நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். படித்த பிள்ளை வேலை கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "தண்டச்சோறு" என்று ஒரு வார்த்தை சட்டென்று வந்துவிடுகிறது. அந்த வார்த்தை எங்கே போய் முடியும் என்று யாரும் நினைப்பதில்லை.

படம் ராஜனை மன்னிக்கவில்லை. அவன் செய்தது துரோகமே. ஆனால் ஒரு கெட்டிக்காரப் பையன் எப்படிக் கை நழுவிப் போகிறான் என்பதைப் பெற்றோருக்குக் காட்டுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முக்கியமாக, வளர்ந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அவனிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசுங்கள்.