பெட்டி மறக்கவில்லை
வெள்ளவத்தைக் கடையொன்றில் கற்ற பாடம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டிருந்தது. அந்நாட்களில் ஒரு பிற்பகல், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள சிறிய தொலைத்தொடர்பு நிலையத்துக்குச் சென்றிருந்தோம். அதை நடத்துபவர் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரர். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த கைகள் இன்று ஐந்து கணனிகளையும் ஒரு போட்டோப்பிரதி இயந்திரத்தையும் பராமரிக்கின்றன.

இத்தகைய கடைகள் நம்மவருக்கு என்னவாக இருந்தன என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். போர்க்காலத்தில் வடக்கில் தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்த ஆண்டுகளில், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகவே பெற்றோர் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கிக் காத்திருந்தார்கள். இன்று கைத்தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. ஆயினும் இணையத்தில் படிவம் நிரப்பவும், காணி தொடர்பான மனுக்களைத் தட்டச்சுச் செய்யவும், கனடாவிலுள்ள மகனின் முகத்தைப் பெரிய திரையில் பார்க்கவும் மக்கள் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அன்று கடை வெறுமையாக இருந்தது. "கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிஞ்சு போகுது பாதர். ஆளைக் கூப்பிட்டு ஒவ்வொரு முறையும் காசு குடுத்து எழுதுவிக்கிறன். அடுத்த நாள் திரும்பவும் அதே கதை" என்றார் அவர். பழுது பார்க்க வந்தவர் கடைசியில், "ரவுட்டர் பழுது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டாராம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட காலம் அது. புதிய பெட்டி வாங்குவதென்றால் கடையை மூடுவதற்குச் சமம்.

துருசும் வாய்க்காலும்

ரவுட்டர் என்பது என்ன? குளத்துத் துருசால் வரும் நீரை எந்த வாய்க்காலுக்கு, எந்த முறையில் விடுவது என்று ஓர் ஒழுங்கு உண்டல்லவா? வெளியிலிருந்து ஒரே வழியாக வரும் இணையத்தைக் கடையிலுள்ள ஒவ்வொரு கணனிக்கும் பிரித்து அனுப்புவதும், அவற்றின் பதிலை வெளியே கொண்டுபோவதும் ரவுட்டரின் வேலை. அந்த ஒழுங்கை அதற்குள் எழுதி வைக்கவேண்டும்.

அது எழுதப்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, வேலை நடக்கும்போது மட்டும் இருக்கும் நினைவு; மின்சாரம் நின்றால் அது மறைந்துவிடும். மற்றது, மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவு. பெட்டி விழிக்கும்போது இரண்டாவதைப் படித்து முதலாவதில் நிரப்பிக்கொள்ளும். சேமிக்க மறந்தவருக்கு மின்வெட்டுடன் எல்லாம் போய்விடும். ஆனால் இங்கே வந்தவர் ஒவ்வொரு தடவையும் சேமித்தேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மை என்பது பின்னர்தான் தெரிந்தது.

திரை பேசத் தொடங்கியது

கொட்டாஞ்சேனையில் தங்கி வலையமைப்புப் பாடம் படிக்கும் தம்பியொருவனை நாம் அழைத்துச் சென்றிருந்தோம். அவனும் கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்குடும்பத்துப் பிள்ளை. அது சிறு நிறுவனங்களுக்கென்று செய்யப்பட்ட சிஸ்கோ ரவுட்டர். கடைக்காரர் பழைய சாமானாக வாங்கியது. இத்தகைய பெட்டிகளில் கொன்சோல் என்றொரு துவாரம் உண்டு. இணையமும் உள்வலையமைப்பும் செத்துக் கிடந்தாலும், அதன் வழியாக நேரே பெட்டியுடன் பேசலாம். ஆர்.எஸ்.-232 என்ற பழைய தொடர்பு முறையில் அது இயங்குகிறது. அம்முறை 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது.

தம்பி இளநீல நிறத் தட்டை வயரைத் தன் மடிக்கணனியில் யூ.எஸ்.பி. மாற்றி மூலம் இணைத்தான். திரையில் ஒன்றும் இல்லை. பார்த்தால், அதே வடிவமுள்ள பக்கத்துத் துவாரத்தில் வயரைச் செருகியிருந்தான். அது மஞ்சள் நிறம், கணனிகளுக்கானது. கொன்சோல் இளநீல நிறம். மாற்றியதும் எழுத்துகள் வந்தன, ஆனால் கிறுக்கலாக. வேகம் 115200 என்றிருந்தது, 9600 ஆக்கினான். எழுத்துகள் தெளிந்தன. இப்போது அவன் தட்டுவதைப் பெட்டி ஏற்கவில்லை. 'புளோ கொன்ரோல்' என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்றியதும் அதுவும் சரியாயிற்று. ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதைக் கடுதாசியில் குறித்து, பலனைப் பார்த்த பின்னரே அடுத்ததற்குப் போனான்.

ஓர் இலக்கம்

பெட்டி புதிதாய்ப் பிறந்த பிள்ளை போல, ஒன்றும் அறியாததாக நின்றது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. தம்பி 'ஷோ வேர்ஷன்' என்று கேட்டு, வந்த பதிலின் கடைசி வரியைக் காட்டினான்: 0எக்ஸ்2142.

இந்த இலக்கம், பெட்டி எப்படி விழிக்கவேண்டும் என்பதைச் சொல்வது. வழமையாக அது 2102 என்று இருக்கும். கடவுச்சொல் மறந்துபோனால், மின்சாரத்தை நிறுத்திப் போட்டவுடன் 'பிறேக்' விசையை அழுத்தி, இலக்கத்தை 2142 ஆக மாற்றுவார்கள். அப்போது பெட்டி சேமித்ததைப் படியாமல் விழிக்கும். கடவுச்சொல்லும் தடையாக நிற்காது. வேலை முடிந்ததும் மீண்டும் 2102 ஆக்கவேண்டும். விற்பதற்கு முன் யாரோ கடவுச்சொல்லை நீக்கியிருக்கிறார்கள். இலக்கத்தைத் திருப்பி வைக்கவில்லை. யூ.பி.எஸ். பற்றரி தாங்கிய சிறு மின்தடைகளில் பெட்டி நிற்காததால் குறை வெளியே தெரியவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு அதை வெளிப்படுத்தியது.

"அப்ப எழுதினது எல்லாம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"உள்ளே இருக்குது ஐயா. பார்க்காதே எண்டு அதுக்குச் சொல்லி வைச்சிருக்கினம், அவ்வளவுதான்" என்றான் தம்பி.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. இந்த நிலையில் 'ரைட் மெமறி' என்று தட்டினால், வெறுமையான ஒழுங்கு சேமித்ததன் மேல் எழுதப்பட்டு, இருந்ததும் அழிந்துவிடும். ஆகவே அவன் முதலில் சேமித்ததைத் திரையில் வரவழைத்துப் பிரதி எடுத்தான். பின்னர் அதை வேலை நினைவுக்குக் கொண்டுவந்தான். புதிய கடவுச்சொல் இட்டான். அடைபட்டிருந்த இணைப்புகளைத் திறந்தான். இலக்கத்தை 2102 ஆக்கினான். அதன் பிறகே சேமித்தான். அவன் செய்த வேலை ஒரு மணித்தியாலம். வாங்கிய புதிய சாமான் ஒன்றுமில்லை.

நாம் கவனிக்கவேண்டியவை

1. பழைய ரவுட்டர் வாங்கும்போது, விற்பவர் முன்னிலையிலேயே ஏதாவது எழுதிச் சேமித்து, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டுப் பாருங்கள். எழுதியது நிற்கவேண்டும். கொன்சோல் வயரையும் கேட்டு வாங்குங்கள்.

2. வேலை செய்ய வருபவரிடம் கடவுச்சொல்லையும் எழுதப்பட்ட ஒழுங்கின் பிரதியையும் கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று. ஒரு பிரதி கடையில், மற்றது வேறிடத்தில் இருக்கட்டும்.

3. கொன்சோலைக் கையால் தொடக்கூடியவர் கடவுச்சொல்லையும் மாற்றலாம். ஆகவே பெட்டியை வாடிக்கையாளர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

4. வீடுகளுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் தரும் சிறு ரவுட்டர்களில் வெளியே கொன்சோல் துவாரம் பெரும்பாலும் இராது. ஊசித் துளை போன்ற 'றீசெற்' இருக்கும். அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எழுதியது அனைத்தும் அழியும். இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

5. பழுது என்று ஒருவர் சொன்னவுடன் வாங்க ஓடவேண்டாம். இப்பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மாலையில் மின்சாரம் நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். யூ.பி.எஸ். கத்தி ஓய்ந்தது, ரவுட்டரின் விளக்குகளும் அணைந்தன. இரவு மின்சாரம் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன; இரண்டு நிமிடத்தில் முதலாவது கணனியில் இணையம் வந்தது.

கடைக்காரர் சி.ஆர். கொப்பியொன்றை எடுத்து, தம்பி சொல்லச் சொல்லக் கடவுச்சொல்லையும் 2102 என்ற இலக்கத்தையும் எழுதினார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பழைய பையை எடுத்தார். 1990இல் ஓடி வந்தபோது கையில் கொண்டுவந்த பை. அதற்குள் காணி உறுதி. அந்தக் காணி அவருக்கு இன்னும் விடுபடவில்லை. கொப்பியை அந்த உறுதியோடு சேர்த்து வைத்துவிட்டு, "தம்பி, பஸ் காசாவது பிடி" என்று அவன் சட்டைப் பையில் திணித்தார்.