மேலே ஒருவரின் குளம், கீழே பலரின் லயம்

நுவரெலியாவுக்கு வருபவர்களில் பலர் கிரகரி வாவியில் படகு ஓட்டாமல் திரும்புவதில்லை. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவாக்கப்பட்ட செயற்கை வாவி அது. தேயிலை மலைகளில் விடுமுறை பங்களா வைத்திருப்பவருக்கும் சிறிதாக ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றும். ஓடையை மண்ணால் மறித்தால் போதும், மீன் வளர்க்கலாம், படகு விடலாம். அதில் தவறில்லை. ஆனால் எமது மலையகத்தில் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் பெரும்பாலும் லயன் வீடுகள் இருக்கின்றன.

"சின்னக் குளம்தானே" என்பார்கள். ஆசிரியன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரியாக 10 அடி ஆழமும் உள்ள குளத்தில் ஏறத்தாழ 12,000 தொன் நீர் நிற்கும். அதாவது 10,000 லீற்றர் கொள்ளும் பவுசர்கள் 1,200. அத்தனையும் ஒரே நேரத்தில் சரிவில் இறங்கினால் என்னவாகும்?

மண் அணை பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகிறது. முதலாவது, நீர் கட்டின் மேலால் வழிவது. கொங்கிறீட் ஓரளவு தாங்கும், மண் அரிபட்டுப் போகும். மேலதிக நீர் வெளியேற வான் இருப்பது இதற்காகத்தான். இரண்டாவது, கட்டின் உள்ளே கசியும் நீர் மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் செல்வது. மரவேர்களும் முள்ளம்பன்றி வளைகளும் அதற்கு வழி திறந்துவிடும். கசிவு தெளிவாக இருந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கலாக வந்தால் கட்டு உள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. தொழிலதிபர் அன்ட்ரூ கார்னகியும் அதில் அங்கத்தவர். முந்திய உரிமையாளர் கழற்றிய வெளியேற்றுக் குழாய்களைக் கழகம் திரும்பப் பொருத்தவில்லை. அணையின் மேல் வண்டிப் பாதைக்காக உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்க வானில் கம்பித் தடுப்பு போடப்பட்டது. 1889 மே 31 அன்று பெருமழையில் அந்தத் தடுப்பைக் குப்பை அடைத்தது, நீர் கட்டின் மேலால் வழிந்தது, அணை உடைந்தது. கீழே இருந்த ஜோன்ஸ்டவுன் நகரில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழக்குகளில் கழகம் நட்டஈடு எதுவும் கொடுக்க வேண்டி வரவில்லை. அது "இறைவனின் செயல்" என்று கருதப்பட்டது.

எமது நாட்டிலும் 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசு பராமரித்த குளத்துக்கே அந்த நிலை என்றால், யாரும் பார்க்காத தனியார் குளத்தின் நிலை என்ன?

மழையை அனுப்புபவன் அல்லாஹ். வானை அடைத்து வைப்பது மனிதன். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க எமக்குக் கற்பிக்கப்படவில்லை.

எனவே குளம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் வானைத் துப்புரவு செய்யுங்கள். கட்டில் மரம் வளர விடாதீர்கள். நீரை இறக்க ஒரு மதகோ குழாயோ வையுங்கள். பொறியியலாளர் ஒருவரிடம் கட்டைக் காட்டுங்கள். கீழே குடியிருப்பவர்கள் கலங்கல் கசிவையோ புதிய வெடிப்பையோ கண்டால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள். குளத்தின் இன்பம் உரிமையாளருக்கு, ஆபத்து மட்டும் லயத்துக்கு என்பது நீதியல்ல.